பழைய ஸ்கூட்டரா, மாடல் ரயிலா: எதை முதலில் தொடங்கலாம்?

பழைய ஸ்கூட்டரைப் புதுப்பித்து ஓட்டுவதும், வீட்டுக்குள் சின்ன அளவில் தண்டவாளம் போட்டு ரயில் விடுவதும் சம்பந்தமே இல்லாத இரண்டு பொழுதுபோக்குகள் மாதிரித் தெரியும். ஆனால் இரண்டிலும் ஆசை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். சின்ன வயதில் அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு போனவர்கள், லெவல் கிராசிங் கேட் மூடியிருந்தால் சந்தோஷப்பட்டவர்கள். நானும் அந்த ரகம், இரண்டையும் செய்கிறேன். அதனால் என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது: இரண்டுமே பிடிக்கும், ஆனால் இருக்கிற பணமும் இடமும் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றுக்குத்தான் போதும், எதில் இறங்கலாம்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்.சி. புக் சரியாக இருக்கிற ஒரு பழைய ஸ்கூட்டர் உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ இருந்தால், ஸ்கூட்டரை முதலில் எடுங்கள். ரயிலை அறுபது வயதிலும் தொடங்கலாம். இன்னும் நல்ல சாமான்களோடே தொடங்கலாம். ஸ்கூட்டருக்கு அந்த அவகாசம் இல்லை. இந்தப் பதில் பொருந்தாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்பது போகப் போகத் தெரியும்.

இடம்

பலருக்கு முடிவு இந்த ஒரு விஷயத்திலேயே ஆகிவிடும். ஸ்கூட்டர் நிறுத்த ஆறடிக்கு மூன்றடி, மேலே ஒரு கூரை, அவ்வளவுதான். வேலை செய்யும் இடம்தான் பிரச்சினை. கார்புரேட்டரைக் கழற்றி வைக்க, பெட்ரோல் சிந்தினாலும் பரவாயில்லை என்கிற மாதிரி ஒரு தரை வேண்டும். அப்பார்ட்மெண்ட்டின் அடித்தளப் பார்க்கிங்கில் டூ ஸ்ட்ரோக் வண்டியைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால், அந்தப் புகை போவதற்கு நேரமாகும். அசோசியேஷன் ஆட்கள் கேட்பார்கள். கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. தனி வீடு, ஒரு போர்டிகோ, பக்கத்துத் தெருவில் சகஜமாகப் பழகும் ஒரு மெக்கானிக் கடை என்று இருந்தால் இது ஒரு கவலையே இல்லை.

ரயிலுக்கு உள்ளே இடம் வேண்டும். எவ்வளவு என்பதை ஸ்கேல், அதாவது நிஜ ரயிலை எத்தனை மடங்கு சுருக்குகிறோம் என்பது, முடிவு செய்யும். உலகம் முழுக்க அதிகம் புழங்குவது ஹெச்ஓ, அதாவது 1:87. தண்டவாளத்தின் உள் அகலம் 16.5 மி.மீ. அடுத்தது ஆங்கில எழுத்தின் பெயரில் வழங்கும் 'என்' (N) ஸ்கேல், 1:160, தண்டவாளம் 9 மி.மீ. ஜப்பானியர்கள் 1:150 என்றும் பிரிட்டிஷ்காரர்கள் 1:148 என்றும் கொஞ்சம் மாற்றிச் செய்கிறார்கள், ஆனால் எல்லாம் அதே 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும். ஹெச்ஓவில் வண்டி திரும்பி வர, தொடக்க செட்டுகளில் பரவலாக இருக்கிற வளைவின் ஆரம் 18 அங்குலம். அப்படியென்றால் எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட் ஒன்று முழுசாக வேண்டும், அதைச் சுற்றி நடக்க இடமும் வேண்டும். ஒரு படுக்கையறையில் கட்டிலை எடுத்துவிட்டால்தான் இது நடக்கும். 'என்' ஸ்கேலில் 25 செ.மீ. ஆரத்திலேயே வண்டி திரும்பிவிடும். இரண்டடி அகல மேஜை போதும்.

நிஜ ரயிலின் நீளத்தை அப்படியே கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டி ஒன்று பஃபரோடு சேர்த்து 22.3 மீட்டர். ஹெச்ஓவில் அது 25.6 செ.மீ. இருபத்திரண்டு பெட்டி எக்ஸ்பிரஸ் என்றால் இன்ஜினைச் சேர்க்காமலே 5.6 மீட்டர். ஹாலில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை வண்டி நிற்கும், ஓட இடம் இருக்காது. 'என்' ஸ்கேலில் அதே வண்டி சுமார் 3 மீட்டர். அதனால் எல்லோரும் ஐந்தாறு பெட்டியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பாதையில் ஒரு குகையோ மரக்கூட்டமோ வைத்து வண்டியின் வாலை மறைத்துவிட்டால், கண் மிச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ரயிலே வேண்டாம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. டி-டிராக் என்று ஒரு முறை இருக்கிறது. 'என்' ஸ்கேல் தண்டவாளத்தைச் சுமார் 31 செ.மீ. நீளமுள்ள சின்னச் சின்னப் பலகைகளில் பதித்து, ஒவ்வொன்றிலும் ஒரு காட்சியை அமைத்து, வேண்டும்போது மேஜைமேல் வரிசையாக மாட்டிக்கொள்வது. வீடு மாறும்போது அட்டைப் பெட்டியில் போட்டு எடுத்துப் போகலாம். ஒருவருடைய பலகை இன்னொருவருடையதோடு சேரும் என்பதால் நண்பர்கள் கூடினால் நீளமான பாதையே கிடைக்கும். வீட்டுக்கு வீடு மாறிக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

பணமும் சாமான்களும்

இரண்டும் மலிவானவை இல்லை. ஆனால் பணம் போகும் விதம் வேறு.

மாடல் ரயிலில் நமக்கு இருக்கிற பெரிய சங்கடம் இறக்குமதி வரி. பொம்மைகளுக்கான சுங்க வரியை மத்திய அரசு 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கியது, 2023-ல் 70 ஆனது. மாடல் ரயில்களும் அதே தலைப்பின் கீழ்தான் வருகின்றன. ஐரோப்பாவில் நல்ல ஹெச்ஓ இன்ஜின் ஒன்று 200 யூரோவுக்கு மேல் விற்கிறது, அதில் வரியையும் தபால் செலவையும் சேர்த்துப் பாருங்கள். ஜப்பானிய 'என்' ஸ்கேல் இன்ஜின்கள் அதில் பாதிக்கும் குறைவு. ஓட்டமும் வழுவழுப்பாக இருக்கும். ஆரம்பிப்பவர்களுக்கு நான் 'என்' ஸ்கேலைச் சொல்வதற்கு இடத்துக்கு அடுத்த காரணம் இதுதான். மார்க்ளின் என்கிற ஜெர்மன் கம்பெனி வண்டிகள் மேல் ஆசைப்பட்டு வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களுடைய ஹெச்ஓ மின் அமைப்பு வேறு; நடுவில் மூன்றாவது தொடர்பு ஒன்று உண்டு. மற்ற கம்பெனி வண்டிகள் அதில் அப்படியே ஓடாது.

ஒரு ஆறுதல், இந்தச் செலவைத் தவணையாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு இன்ஜின், நாலு பெட்டி, ஒரு வட்டம், ஒரு கன்ட்ரோலர் போதும். மீதியை ஆண்டுக்கணக்கில் சேர்க்கலாம். மலையும் மண்ணும் மரமும் நம் கையால் செய்வதுதான்: தெர்மாகோல், பிளாஸ்டர், சாயம் போட்ட மரத்தூள், சலித்த செம்மண், தென்னை நார்த்தூள். வயர், எல்.இ.டி., சால்டரிங் சாமான் எல்லாம் சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்துவிடும்.

ஸ்கூட்டரில் பணம் மொத்தமாகக் கேட்கும். இன்ஜினைப் பிரித்துவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. ரீபோர், பிஸ்டன், ரிங், பேரிங், ஆயில் சீல், கிளட்ச் பிளேட் எல்லாம் ஒரே மூச்சில் வந்து நிற்கும். அப்புறம் டிங்கரிங், பெயிண்ட். ஆனால் போட்ட பணத்தில் ஒரு பகுதி வண்டியிலேயே நிற்கிறது. நன்றாகச் செய்த ஸ்கூட்டரை விற்க வேண்டி வந்தால் வாங்க ஆள் உண்டு. பழைய மாடல் ரயில் சாமான்களை நம் ஊரில் விற்பது சுலபமில்லை.

எந்த ஸ்கூட்டர் என்பதும் முக்கியம். முதல் வண்டியாக நான் சொல்வது பஜாஜ் சேத்தக். 1960-லிருந்து இத்தாலியின் பியாஜியோ உரிமத்தில் வெஸ்பாவைத் தயாரித்த பஜாஜ், உரிமம் முடிந்த பிறகு 1972-ல் சொந்தப் பெயரில் கொண்டுவந்தது சேத்தக். அது முப்பது ஆண்டுகளுக்கு மேல் தயாரிப்பில் இருந்தது. 2009-ல் கம்பெனி ஸ்கூட்டர் தொழிலையே விட்டது. இப்போது அதே பெயரில் வருவது மின்சார வண்டி. அத்தனை ஆண்டுகள் ஓடியதால் சேத்தக் சாமான் இன்னும் நாடெங்கும் கிடைக்கிறது. பத்து அங்குல டயர் என்பதால் பழைய பஜாஜ் சூப்பரின் எட்டு அங்குல டயரைவிடக் குழியில் கொஞ்சம் நிதானமாகவும் போகும்.

லாம்ப்ரெட்டா அழகில் ஒருபடி மேல். இன்ஜின் நடுவில் இருப்பதால் வண்டி ஒரு பக்கம் இழுக்காது. இத்தாலியில் அதைத் தயாரித்த இன்னோசென்டி கம்பெனி 1971-ல் ஸ்கூட்டரை நிறுத்தியபோது, அந்த இயந்திரங்களையும் அச்சுகளையும் இந்திய அரசு வாங்கி லக்னோவுக்குக் கொண்டுவந்தது. ஸ்கூட்டர்ஸ் இந்தியா கம்பெனி அப்படித்தான் பிறந்தது. விஜய் சூப்பர் அங்கேதான் உருவானது. இத்தாலிய அச்சில் வார்த்த சாமான் என்பதால் உலகத்து லாம்ப்ரெட்டாக்காரர்கள் எல்லோருக்கும் லக்னோ சாமான் தேவைப்பட்டது. பிரிட்டனுக்கு இங்கிருந்து முழு வண்டிகளே ஏராளமாகப் போயின. அதனால் இங்கே மிச்சமிருக்கும் நல்ல வண்டிக்கு விலை ஏறிவிட்டது. பட்டி பார்த்து, பளபளவென்று இரண்டு கலர் அடித்து, உள்ளே துருப்பிடித்த சேஸிஸை மறைத்து விற்கும் ஆட்களும் பெருகிவிட்டார்கள். லாம்ப்ரெட்டா வேண்டுமென்றால் இரண்டாவது வண்டியாக வாங்குங்கள். திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலை 1960-களில் தயாரித்த ஃபேன்டாபுலஸ் ஸ்கூட்டரைக் கண்டால் நின்று ரசியுங்கள். ஆனால் சாமான் தேடி அலையப் பொறுமை இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

காகிதம், பெட்ரோல், மெக்கானிக்

இறக்குமதி வரியைத் தாண்டி ரயிலுக்கு அரசாங்கத்தோடு எந்த வேலையும் இல்லை. ஸ்கூட்டருக்கு எல்லா வேலையும் அங்கேதான் தொடங்குகிறது.

ஆர்.சி. முதல் பதினைந்து ஆண்டுகள் செல்லும். அதற்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலான இருசக்கர வண்டிக்கு 2025-ல் புதுப்பிப்புக் கட்டணம் 2,000 ரூபாய் ஆனது. அப்பா பெயரில் இருந்து அவர் காலமாகிவிட்டிருந்தால், வாரிசுச் சான்றிதழோடு 31-ஆம் படிவம் கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். இதைத் தள்ளிப் போடாதீர்கள். மற்ற வாரிசுகளிடமும் ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும். அவர்கள் எல்லோரும் ஒரே ஊரில் இருக்கும்போதே வாங்குவது நல்லது.

2021-ல் வந்த விதிகள் ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு என்று தனி வழி கொடுத்திருக்கின்றன. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பிறகு 'வி.ஏ.' என்று வரும். பெருமையாக இருக்கும், ஆனால் நிபந்தனையைப் படியுங்கள். அந்த வண்டியைத் தினமும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலைக்கு வரலாம். காலையில் காய்கறி வாங்க சேத்தக்கில் போக ஆசைப்படுபவர், ஐம்பது வயது ஆன வண்டியாக இருந்தாலும் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வதுதான் சரி. 1989-க்கு முந்திய மூன்றெழுத்து நம்பரோடு வண்டி கிடைத்தால், அந்த நம்பரைக் காப்பாற்றுவதற்காகவே காகிதங்களை ஒழுங்காக வைத்திருக்கலாம் என்பது என் கட்சி.

அடுத்து பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை உப்ப வைக்கும். மாதக்கணக்கில் நின்ற ஸ்கூட்டரில் டேங்க் உள்ளே துருப்பிடிப்பதும், பெட்ரோல் டியூப் பிசுபிசுப்பதும், கார்புரேட்டர் ஜெட் அடைவதும் முன்பைவிட அதிகம். வாரம் ஒருமுறை ஓட்டுங்கள். நிறுத்தி வைப்பதென்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். டியூபும் கேஸ்கெட்டும் எத்தனால் தாங்குகிற ரகமாகப் பார்த்து மாற்றுங்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். முன்பு பங்கிலேயே கலந்து தருவார்கள், இப்போது 2டி ஆயில் பாட்டிலையும் ஒரு அளவுக் குப்பியையும் நாமே எடுத்துப் போக வேண்டியிருக்கிறது.

இப்போது என் முக்கியமான காரணத்துக்கு வருகிறேன். சேத்தக் சாமான் இன்னும் கிடைக்கும்; சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதைப் பூட்டத் தெரிந்த கைகள்தான் குறைந்துகொண்டே வருகின்றன. டூ ஸ்ட்ரோக் வண்டிகளோடு வளர்ந்த மெக்கானிக்குகள் இன்று அறுபதை ஒட்டியவர்கள். அவர்களுடைய கடைக்கு வேலை கற்க வருகிற பையன்கள் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்குப் போய்விடுகிறார்கள். அதுதான் அவர்களுக்குச் சோறு போடும்.

அந்தக் கைகளுக்கு என்ன தெரியும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மேக்னெட் என்கிற காந்தச் சக்கரத்தைச் சுற்றி, அதில் இருக்கிற ஓட்டை வழியே பாயின்ட், அதாவது பிளக்கில் பொறி வரவைக்கிற தொடுமுனை, தெரியும்படி நிறுத்துவார் மேஸ்திரி. பாயின்ட்டின் இரண்டு முகத்தையும் மெல்லிய எமரி பேப்பரால் ஒருமுறை இழுத்துவிட்டு, இடைவெளியைச் சரி செய்வார். மேனுவல்படி அது 0.3-லிருந்து 0.5 மி.மீ. ஃபீலர் கேஜ் கடையில் இருக்கும், ஆனால் அவர் எடுக்க மாட்டார். ஹேக்ஸா பிளேடு நுனியை நுழைத்துப் பார்த்து, ஸ்க்ரூவைக் கால் திருப்பு திருப்பி, கிக்கரை ஒரு மிதி மிதிப்பார். சத்தத்தைக் கேட்டுவிட்டு இன்னும் ஒரு துளி நகர்த்துவார். சைலன்சர் அடைத்திருந்தால் கழற்றி நெருப்பில் சுட்டு, தட்டிக் கார்பனைக் கொட்டுவார். வண்டி பழைய இழுப்புக்கு வந்துவிடும். இதையெல்லாம் வீடியோ பார்த்துக் கற்க முடியும், ஓரளவுக்கு. தவறான சத்தம் எது என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் காது பழகும். அப்படிப்பட்டவர் உங்கள் ஊரில் இன்று இருக்கிறார் என்றால், அவரிடம் போய் உட்கார இதுதான் நேரம்.

ரயிலில் நிலைமை நேர் எதிர். அங்கே ஒவ்வொரு பத்தாண்டும் எளிதாகிக்கொண்டே வருகிறது. முன்பெல்லாம் தண்டவாளத்தில் போகிற 12 வோல்ட்டைக் கூட்டிக் குறைத்துத்தான் வண்டியை ஓட்ட முடியும். ஒரே பாதையில் இரண்டு இன்ஜின் நின்றால் இரண்டும் சேர்ந்தே நகரும். அதைத் தவிர்க்கப் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து சுவிட்ச் போட வேண்டும். 1990-களில் டிசிசி என்கிற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறை பொதுத் தரமாக வந்த பிறகு, ஒவ்வொரு இன்ஜினுக்கும் உள்ளே ஒரு சின்னச் சுற்றுப்பலகை, அதற்கு ஒரு எண். எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் அந்த இன்ஜின் மட்டும் நகரும், ஹார்ன் அடிக்கும், விளக்கு போடும். வீட்டிலேயே 3டி பிரின்டர் வைத்து நம் ஊர் ஸ்டேஷன், சிக்னல், பெட்டியின் உடல் எல்லாம் அச்சடிக்கிறார்கள். பத்தாண்டு காத்திருந்தால் ரயில்காரருக்கு லாபம்தான்.

இரண்டும் தரும் சந்தோஷம்

ஸ்கூட்டருக்குச் சரியான விடை ஒன்று உண்டு. 1978 மாடல் சேத்தக் தொழிற்சாலையிலிருந்து எந்த கலரில், எந்த மோனோகிராமோடு, எந்த விளக்கோடு வந்ததோ, அதுதான் அந்த விடை. நீங்கள் அதை நோக்கிப் போகிறீர்கள், ஒரு நாள் போய்ச் சேர்ந்துவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு ஓட்டுவதும் பராமரிப்பதும்தான் வேலை. வெளியே எடுத்தாலே சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி, தன் வீட்டு ஸ்கூட்டர் கதையைச் சொல்வார். முன்பின் தெரியாதவர்களோடு இவ்வளவு சுலபமாகப் பேச வைக்கிற பொருள் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அது வரம், சிலருக்கு அது தொல்லை.

ரயில் பாதைக்குச் சரியான விடை கிடையாது. எந்த ஊர், எந்த ஆண்டு, மழைக்காலமா கோடையா, எல்லாம் நீங்கள் தீர்மானிப்பது. அது முடியவும் முடியாது. ஹாம்பர்க்கில் 2001-ல் திறந்த மினியேச்சர் வண்டர்லேண்ட் இன்றுவரை புதுப் பகுதிகளைக் கட்டிக்கொண்டேதான் இருக்கிறது. நம் நாட்டில் இதை நேரில் பார்க்க விரும்புபவர்கள் புனேயில் 1998-லிருந்து இருக்கும் ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். ஒரு பாதையை எப்படித் திட்டமிட வேண்டும் என்பது அரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.

தமிழ்நாட்டு ரயிலைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் அகலக் கணக்கில் மாட்டிக்கொள்வார்கள். நம் பிராட்கேஜ் 1,676 மி.மீ. ஹெச்ஓவில் அது 19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும், ஆனால் கிடைக்கிற தண்டவாளம் 16.5. உலகத்தின் பெரும்பகுதிக்கு உரிய 1,435 மி.மீ. பாதைக்காகச் செய்தது அது. எனவே நம் பிராட்கேஜ் வண்டி அதில் கொஞ்சம் கால் ஒடுங்கித்தான் நிற்கும். பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. எனக்குப் பிடித்த வழி வேறு: மீட்டர் கேஜ். 1,000 மி.மீ.யை 87-ஆல் வகுத்தால் 11.5, ஐரோப்பாவில் மீட்டர் கேஜ் மாடல்களுக்கென்றே 12 மி.மீ. தண்டவாளம் இருக்கிறது. கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்தும். 1931-லிருந்து 2004 வரை பீச்–தாம்பரம் இடையே ஓடிய மீட்டர் கேஜ் மின்சார ரயிலைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். எழும்பூர், மாம்பலம், கிண்டி என்று எந்த ஸ்டேஷனை எடுத்தாலும் படமும் ஞாபகமும் கிடைக்கும். நீலகிரி மலை ரயிலும் மீட்டர் கேஜ்தான். பல் தண்டவாளம், பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறுகிற சரிவு. அதன் பழைய எக்ஸ் கிளாஸ் நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்தவை. அந்த ஊர்ப் பல்சக்கர ரயில்களுக்கு மீட்டர் கேஜ் மாடல்கள் வருவதால், கல்லாறு–குன்னூர் காட்சியைச் செய்ய நினைப்பவருக்குப் பாதி வேலை குறைகிறது.

பாம்பன் பாலத்தைச் செய்கிறேன் என்று வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு கிலோமீட்டரை ஒட்டிய அந்தப் பழைய பாலம் ஹெச்ஓவில் 23 மீட்டருக்கு மேல் வரும். தூக்கு ஸ்பானையும் இரு பக்கமும் நாலைந்து கர்டரையும் மட்டும் செய்யுங்கள். மற்றதைச் சுவரில் வரைந்த கடல் பார்த்துக்கொள்ளும்.

கைவேலையில் நுணுக்கம் ரயிலில்தான் அதிகம். ஒரே ஒரு உதாரணம்: தண்டவாளத்துக்கு இடையே போடுகிற ஜல்லி. கடையில் வாங்கலாம், ஆனால் நம் ஊர் மணலைச் சலித்துப் போட்டால் வருகிற நிறம் அதில் வராது. சலித்த மணலை ஒரு காகிதத்தில் பரப்பி, அதன்மேல் காந்தத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கடற்கரை, ஆற்றுப் பக்க மணலாக இருந்தால் காந்தத்தில் கறுப்புத் துகள்கள் தாடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். அது கருமணல். அதை எடுக்காமல் ஒட்டிவிட்டால், இன்ஜின் மோட்டாரில் இருக்கிற காந்தம் துகள்களை உள்ளே இழுத்துப் பல்சக்கரத்தை அரித்துவிடும். காந்தத்தில் ஒன்றும் ஒட்டாத வரை திரும்பத் திரும்ப இழுத்த பிறகு, ஒரு தேக்கரண்டியில் எடுத்து, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் ஸ்லீப்பர்களுக்கு நடுவே தள்ளி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு முழ நீளத்துக்கு ஒரு மாலைப்பொழுது போகும். இதைப் படிக்கும்போதே உங்களுக்கு அலுப்பாக இருந்தால் நீங்கள் ஸ்கூட்டர் ஆள். செய்து பார்க்க வேண்டும்போல் இருந்தால், மேலே நான் சொன்ன வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

வண்டியை ஓட்டும் வேகத்தையும் சொல்ல வேண்டும். நிஜத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது ஹெச்ஓவில் நொடிக்குச் சுமார் 19 செ.மீ.தான். புதிதாக வருபவர்கள் இதைவிட மூன்று நாலு மடங்கு வேகத்தில் விடுவார்கள், அப்போது அது பொம்மையாகிவிடுகிறது. மெதுவாக ஓட வேண்டுமானால் தண்டவாளம் சுத்தமாக இருக்க வேண்டும். நம் ஊர்த் தூசியும் கடலோர ஈரமும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் கறுப்புப் படலம் படிந்துவிடும். துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

அப்படியானால் யார் எதை எடுப்பது?

வீட்டில் ஒரு சேத்தக் நிற்கிறது, காகிதம் சரியாக இருக்கிறது, முட்டியும் இடுப்பும் கிக்கர் மிதிக்க ஒத்துழைக்கின்றன, ஊரில் ஒரு பழைய மேஸ்திரி இருக்கிறார் என்றால் யோசிக்கவே வேண்டாம். காகிதம் இல்லாத வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். சேஸிஸ் நம்பரைத் தேய்த்துப் பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிடாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். காகிதம் இல்லை என்பதற்காகவே ரயில் பக்கம் போனவர்கள் எனக்குத் தெரிந்து உண்டு. அவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள்.

குழந்தை சின்னதாக இருக்கிறது, இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் உங்களுக்கென்று நேரம் கிடைக்கிறது என்றால் ரயில். அந்த நேரத்தில் ஸ்கூட்டரை உதைக்க முடியாது. ஆனால் ஒரு கூரைக்கு ஓடு ஒட்டலாம், ஒரு சிக்னலுக்கு வயர் இழுக்கலாம். குழந்தைக்கு ஏழெட்டு வயது ஆனதும் கூட உட்கார்ந்து மரம் நடும். டிராஃபிக்கில் ஓட்டுவதே பிடிக்காதவர்களுக்கும், தோள்வலி இருப்பவர்களுக்கும் ரயில்தான். சேத்தக் பிரேக் இன்றைய டிஸ்க் பிரேக் வண்டிகள் மாதிரி நிற்காது. முன்னால் போகிறவர் சட்டென்று நிற்பார் என்று எப்போதும் எதிர்பார்த்தே ஓட்ட வேண்டும். சென்னை, கோவைச் சாலைகளில் அது ஒரு உழைப்பு.

ஓய்வு பெற்றவர்கள் கேட்டால் என் பதில் கொஞ்சம் தயங்கும். நேரம் இருக்கிறது, அறை இருக்கிறது, கண்ணும் விரலும் நன்றாக இருந்தால் ரயில் அருமையான துணை. 'என்' ஸ்கேல் வேண்டாம், இடம் இருந்தால் ஹெச்ஓ எடுங்கள்; ஒரு சின்னத் திருகைத் தேடிக் கண் வலிக்காது. ஆனால் அவரே இருபது வருடம் ஆபீசுக்கு ஓட்டிப் போன வண்டி இன்னும் வீட்டின் பின்புறம் தார்ப்பாய்க்குக் கீழே நிற்கிறது என்று சொன்னால், நான் எந்த ஒப்பீட்டையும் அவரிடம் சொல்வதில்லை. எத்தனாலுக்கு ஏற்ற டியூபும், ஒரு புது பிளக்கும், ஒரு கார்புரேட்டர் கிட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள், ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்த பிறகே கிக்கரை மிதியுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.